நிலமற்றவர்களின் சபை: பேராயர் அசரியாவின் வாழ்வும் வரம்பும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலைத் தேர்தல் முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதும், ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ததும், கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கி வைத்ததும் அவற்றில் உள்ளன. மக்களாட்சியின் தொட்டில் என்று இவ்வூரைப் பாடநூல்கள் போற்றுகின்றன. அரசியல் தலைவர்கள் மேடைதோறும் இதனைச் சொல்லிப் பெருமை கொள்கின்றனர்.

அந்தப் பெருமையைச் சொல்பவர்கள் கல்வெட்டின் மற்றொரு பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். குடத்தில் பெயர் விழவேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலியேனும் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணருக்கு வழங்கப்பட்ட ஊர். அந்நிலங்களை உழுதவர்களுக்கும், ஏரியின் மதகைக் காத்தவர்களுக்கும், அறுத்துக் களம் சேர்த்தவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. அவர்கள் வியர்வையில் விளைந்த ஊரில் அவர்களுக்குச் சபை இல்லை.

சபை என்ற அதே சொல் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வழியாக இப்பகுதியின் சேரிகளுக்குள் வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷன் பணி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பரவியபோது, நிலமற்ற மக்கள் கிறிஸ்தவச் சபையாரானார்கள். ஒருவரைச் சபையாராக்க நிலமோ குலமோ வேதக் கல்வியோ தேவைப்படவில்லை. திருமுழுக்குப் போதுமானதாக இருந்தது. கோட்பாட்டளவில் இது ஒரு பெரும் புரட்சி. நடைமுறையில் அது புரட்சியாகவே நீடித்ததா என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்த தமிழர் ஒருவரின் வாழ்வை இக்கட்டுரை திரும்பிப் பார்க்கிறது. அவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அவர் உத்திரமேரூரில் பிறந்தவர் அல்லர், தலித்தும் அல்லர். ஆயினும் இன்று இப்பகுதியின் சேரிகளில் உள்ள தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்கள் ஒவ்வொன்றும் அவர் கண்ட கனவின் பகுதிகளே. ஏழைகளின் கடவுள் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றி அவர் கொண்டிருந்த நம்பிக்கை, பல லட்சம் தலித் கிறிஸ்தவர்களின் தன்மதிப்பை வடிவமைத்தது. அந்த நம்பிக்கை எங்கே நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டிய கடமை நமக்குண்டு.

வெள்ளாளன்விளையிலிருந்து

1874 ஆகஸ்ட் 17 அன்று அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் அசரியா பிறந்தார். இன்று அவ்வூர் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. தந்தை தாமஸ் வேதநாயகம் கிறிஸ்தவம் தழுவி ஆங்கிலிக்கன் குருவானவர் ஆனவர். தாய் எலன் உறுதியான பக்தியுடையவர். பதினைந்து வயதிலேயே தந்தையை இழந்த சிறுவனை வளர்த்தெடுத்தது அந்தத் தாயின் கண்டிப்பும் வேதாகமப் பயிற்சியுமே.

அவர் பிறந்த நாடார் சமூகம் அக்காலத்தில் கோயில்களுக்குள் அனுமதிக்கப்படாத சமூகம். தோள்சீலைப் போராட்டத்தின் நினைவு அப்போதும் பசுமையாக இருந்தது. அசரியாவுக்கு 24 வயதானபோது, 1899இல், கோயில் நுழைவு உரிமையை ஒட்டிச் சிவகாசிக் கலவரம் நடந்தது. இழிவு என்பது என்னவென்று அச்சமூகம் அறிந்திருந்தது. ஆனால் அதே சமூகம் தனக்குக் கீழே வைக்கப்பட்டிருந்த பள்ளர், பறையர், சக்கிலியர் மக்களைத் தன் தெருவுக்கும் கிணற்றுக்கும் வெளியே நிறுத்தியதும் வரலாறே. சாதி ஏணியில் நடுப்படியில் நிற்பவருக்கு மேலே உள்ளவன் மிதிப்பது தெரியும். தன் காலுக்குக் கீழே இருப்பவன் படும் துன்பம் அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. அசரியாவின் பிற்கால வாழ்வை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் நோயுற்றதால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். 1895இல் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் செயலராகப் பணியேற்றுத் தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்தார். 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். அக்காலத் தமிழகத்தில் கல்லூரிக் கல்வியை எட்டிய மிகச் சில பெண்களில் அவர் ஒருவர். பின்னாளில் தோர்ணக்கல் கிராமப் பெண்களிடையே அவர் ஆற்றிய பணி தனியே எழுதப்பட வேண்டியது.

யாழ்ப்பாணத்தில் எழுந்த கேள்வி

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையைத் திரட்டித் தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பி வந்ததை அவர் கண்டார். எண்ணிக்கையில் அவர்கள் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களைவிட மிகக் குறைந்தவர்கள். நூறாண்டுக்கும் மேலாக ஐரோப்பியரின் பணத்தில் பள்ளியும் ஆலயமும் பெற்றுவந்த திருநெல்வேலித் திருச்சபை ஏன் எதையும் கொடுக்கவில்லை என்ற கேள்வி அவரை உறுத்தியது.

அந்த உறுத்தலிலிருந்து 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நிர்வாகமும் பணமும் ஊழியரும் முழுவதும் இந்தியருடையவை என்பது அதன் அடிப்படை. நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல் அதன் பணித்தளமாயிற்று. 1905 கிறிஸ்துமஸ் நாளன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோது அதன் செயலர் பொறுப்பும் அசரியாவிடம் வந்தது. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்த அதே ஆண்டு அது. அரசியலில் எழுந்த தன்னாட்சிக் குரல் திருச்சபைக்குள்ளும் எழுந்தது.

பிறரை அனுப்புவதோடு அவர் நின்றுவிடவில்லை. 1909இல் குருத்துவ அபிஷேகம் பெற்று, நகர வாழ்வையும் பதவியையும் விட்டுத் தோர்ணக்கல்லுக்கே குடிபெயர்ந்தார். தொடக்கத்தில் கூடாரத்தில் தங்கினார். தெலுங்கு கற்றார். அவருடைய சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். நிலக்கிழார்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கடன்பட்டுக் கட்டுண்டிருந்தவர்கள்.

எடின்பரோவும் கொல்கத்தாவும்

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர் மிகச் சிலரே. அங்கு அசரியா ஆற்றிய உரை அவையை உலுக்கியது. மேலைநாட்டு மிஷனெரிகள் தம் பொருளையும் உடலையும் ஏழைகளுக்காகத் தியாகம் செய்திருந்தாலும் இந்தியக் கிறிஸ்தவரைத் தம்மோடு ஒரே மேசையில் அமரத் தகுந்த நண்பராக எண்ணவில்லை என்பதை அவர் அந்த அவையிலேயே எடுத்துரைத்தார். தியாகத்துக்காகப் புகழ்பெற வந்தவர்களிடம் அவர் நட்பைக் கேட்டார். பலர் சினம் கொண்டனர்.

தலித் வாசகர்களுக்கு இந்த உரையின் பொருள் விளங்க அதிக நேரம் ஆகாது. நமக்காகப் பேசுவோரும் நமக்கு உதவுவோரும் எந்நாளும் இருந்துள்ளனர். நம்மோடு உண்ணவும் நம் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கவும் முன்வருவோர் அரிதாகவே இருந்துள்ளனர். இரக்கத்துக்கும் சமத்துவத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியைத்தான் அசரியா ஐரோப்பியரிடம் சுட்டிக்காட்டினார்.

1912 டிசம்பர் 29 அன்று கொல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை. இந்தியர் ஒருவரின் தலைமையின் கீழ் வெள்ளையர் பணி செய்வதா என்று எழுந்த எதிர்ப்பைச் சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் உறுதியாக நின்று எதிர்கொண்டார். பின்னர் 1930இல் இருவரும் இணைந்து இந்தியக் கிராமங்களில் கிறிஸ்து என்னும் பொருளில் ஆங்கில நூலொன்றை எழுதினர்.

பெறுபவரல்லர், கொடுப்பவர்

கடவுளின் இயல்பு பற்றி அசரியா கொண்டிருந்த புரிதலே அவருடைய பணி முழுமைக்கும் ஊற்று. கடவுள் கொடுப்பவர், தம் மகனையே கொடுத்தவர். எனவே கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட மனிதர் எவரும் கொடுக்கும் தகுதியுடையவர். கொடுக்க இயலாதவர் என்று ஒருவரை ஒதுக்கிவைப்பது அவரிடமுள்ள கடவுளின் சாயலை மறுப்பதாகும்.

கிறிஸ்தவக் கொடை பற்றி அவர் எழுதிய சிறுநூல் அவர் மறைந்த பின் 1950களில் உலகக் கிறிஸ்தவ நூல் வரிசையில் வெளியாயிற்று. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அந்நூல் சபை நிதி திரட்டும் வழிகாட்டியாகத் தோன்றலாம். உள்ளே இருப்பது மனித மாண்பைப் பற்றிய வாதம். பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் எட்டாம் அதிகாரத்தில் மக்கெதோனியச் சபைகள் வருகின்றன. அவர்கள் கொடிய வறுமையில் இருந்தவர்கள். எருசலேமின் ஏழைகளுக்கு உதவும் பணியில் தங்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு பவுலை வருந்திக் கேட்டவர்கள். காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த இயேசு, செல்வர் போட்ட பெருந்தொகையை விட்டுவிட்டு ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைக் கவனித்தார். இத்தகைய பகுதிகளை வைத்துக்கொண்டு தோர்ணக்கல்லின் கூலி மக்களிடம் அசரியா பேசியது இதுவே: நீங்கள் எவரிடமும் கையேந்தப் பிறந்தவர்கள் அல்லர்.

கிராமச் சபைகளில் காணிக்கை பணமாக வரவில்லை. உலை வைக்கும்முன் எடுத்து வைத்த பிடியரிசி வந்தது. முட்டையும் கோழியும் வந்தன. அறுப்பின் பண்டிகையில் தானியமும் பூசணியும் கீரைக்கட்டும் வந்தன. உத்திரமேரூர் வட்டாரத்தின் சேரி ஆலயங்களில் இன்றும் அறுப்பின் பண்டிகை நாளில் இக்காட்சியைக் காணலாம். பிறருடைய நிலத்தில் அறுத்துக் கூலியாகப் பெற்ற நெல்லின் ஒரு பகுதியைப் பலிபீடத்தின் முன் வைக்கும் ஒரு பெண்ணின் நடையில் இருக்கும் மிடுக்கை, தருமம் வாங்க நிற்கும் வரிசையில் காண முடியாது. படியளப்பவர் பண்ணையார், வாங்கிக்கொள்பவர் சேரியார் என்ற பழைய ஒழுங்கு அந்த ஒரு நாளேனும் தலைகீழாகிறது.

இதன் மற்றொரு பக்கம் அறிவிப்பு. திருமுழுக்குப் பெற்றவர்கள் தங்கள் தலையில் தாங்களே கைவைத்து, தாங்கள் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்பதையும் நற்செய்தியை அறிவிக்காவிடில் தங்களுக்குக் கேடு என்பதையும் உரக்கச் சொல்லுமாறு அசரியா செய்வார். பவுல் தன்னைப் பற்றிக் கூறிய சொற்களை எழுத்தறியாத மாதிகாப் பெண் தன் சொற்களாக்கிக்கொண்டார். வேதத்தைக் கேட்கவும் கூடாது என்று விலக்கப்பட்ட மக்கள், கடவுளின் சொல்லை ஊருக்குச் சொல்லும் பொறுப்பைத் தம் தலையிலேயே ஏற்றனர். உத்திரமேரூர்க் கல்வெட்டு வேதம் கற்றவருக்கே குடத்தில் இடம் தந்தது; தோர்ணக்கல்லில் வேதத்தைச் சொல்லும் உரிமை திருமுழுக்கிலேயே கிடைத்தது.

1936இல் காந்தியார், அமெரிக்க மிஷனெரித் தலைவர் ஜான் மோட்டுடன் உரையாடும்போது, பசுவிடம் நற்செய்தியைப் பிரசங்கிப்பீர்களா என்னும் பொருளில் வினவி, தீண்டப்படாதோரில் சிலர் புரிந்துகொள்ளும் திறனில் பசுவினும் தாழ்ந்தவர் என்று கருத்துரைத்தார். அண்ணல் அம்பேத்கர் இதனைப் பின்னர்த் தம் எழுத்தில் கடுமையாக எடுத்துக்காட்டினார். ஆந்திரத்தில் நடந்த மதமாற்றங்களைப் பற்றிக் காந்தியாருக்கும் அசரியாவுக்கும் இடையே அக்காலத்தில் ஆழமான முரண் நிலவியது. ஒடுக்கப்பட்ட மனிதர் கடவுளைத் தாமே அறிந்து தாமே முடிவெடுக்க வல்லவரா என்பதே முரணின் மையம். தோர்ணக்கல்லின் ஊர்ச்சபைகள் அதற்குச் சொற்களின்றியே விடையளித்துக்கொண்டிருந்தன. அசரியாவின் வாழ்நாளில் அந்தத் திருமண்டலத்தின் கிறிஸ்தவர் தொகை 2 லட்சத்தைக் கடந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தலித்துகள்.

ஒரே பாத்திரம்

மாலாவும் மாதிகாவும் ஒருவரையொருவர் விலக்கி வாழ்ந்த சமூகங்கள். ஒரு சாதியார் திருச்சபையில் சேர்ந்துவிட்டால் மற்றவர் தயங்குவர். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து அருந்த மறுப்பர். இந்தப் பிளவு மறையாவிட்டால் சபை என்ற சொல்லுக்கே பொருளில்லை என்பதை அசரியா உணர்ந்திருந்தார். பெரும் விழாக்களிலும் பள்ளி விடுதிகளிலும் பொதுப்பந்தியை வற்புறுத்தினார். தமிழகத்திலிருந்து வந்த நாடார் பேராயரும் மாதிகாச் சபையாரும் ஒரே அப்பத்தைப் பிட்டனர்.

முழு வெற்றி கிட்டியதா? இல்லை. திருமண உறவில் சாதி நிலைத்தது. இன்றும் ஆந்திர, தெலங்கானாத் திருச்சபைகளில் மாலா மாதிகாப் போட்டி ஓயவில்லை. தமிழகத் திருமண்டலங்களின் தேர்தல்களில் சாதிக்கணக்கு இல்லாத தேர்தல் அரிது. தமிழகத்தின் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கிறது. ஆயினும் அசரியாவின் முயற்சி தோற்றது என்று மட்டும் கூறுவது நேர்மையாகாது. சாதிவிலக்கு திருச்சபைக்குள் ஒரு வழக்கமாக அல்லாமல் ஒரு பாவமாகப் பெயரிடப்பட்டது. பாவம் என்று பெயரிடப்பட்டதை எதிர்த்துப் போராட வேதமே கருவியாகிறது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் இந்தியத் திருச்சபைத் தலைவர்கள் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். முன்னணியில் நின்றவர் அசரியா. ஐரோப்பாவின் சண்டைகளால் பிறந்த சபைப் பிரிவுகளை இந்தியக் கிராமத்தின் சேரிகள் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அடிநாதம். ஒரு சாதியார் ஒரு மிஷனிலும் மற்றொரு சாதியார் வேறொரு மிஷனிலும் சேரும் நிலையில், சபைப்பிரிவே சாதிப்பிரிவுக்கு வேலியாகிவிடும் ஆபத்தும் இருந்தது. 1938 டிசம்பரில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் புதிய வளாகத்தில் உலக மிஷனெரி மாநாடு கூடியபோது, அதனை வரவேற்ற இந்தியத் திருச்சபையின் முகமாக இருந்தவரும் அவரே.

அடுத்த மாதமே, 1939 ஜனவரி 6 அன்று, தோர்ணக்கல்லின் திருவெளிப்பாட்டுப் பேராலயம் அர்ப்பணிக்கப்பட்டது. கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு பிடித்தது. கோதிக் கோபுரங்களை அவர் விரும்பவில்லை. கோயிலின் தூண்களும் மசூதியின் குவிமாடங்களும் ஒன்றுகூடிய கட்டடம் அது. வேறெந்தப் பெருங்கோயிலின் வாசலையும் மிதிக்க முடியாதிருந்த மக்கள் அதன் நடுவே நடந்து சென்றனர்.

1945 ஜனவரி 1 அன்று அசரியா மறைந்தார். இரண்டே முக்கால் ஆண்டுக்குப் பின், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஸ்காட்லாந்து மிஷனின் செங்கல்பட்டுச் சேரிச் சபைகளும், மெதடிஸ்டுகளின் திருவள்ளூர்ச் சபைகளும், திருநெல்வேலியின் ஆங்கிலிக்கன் சபைகளும் ஒரே குடையின் கீழ் வந்தன. அவர் கனவு கண்ட அந்த நாளை அவர் காணவில்லை.

எங்கே நின்றார்?

அவருடைய வரம்பைப் பேசாமல் இக்கட்டுரையை முடித்தால் அது புகழுரையாகிவிடும்.

அசரியா கிராமங்களை அழிக்கும் நான்கு பேய்களைப் பற்றி அடிக்கடி பேசினார். அழுக்கு, நோய், கடன், குடி என்பன அவை. அவற்றை விரட்டப் பள்ளிகளும் மருந்தகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அமைத்தார். அவற்றால் உண்மையான பயன் விளைந்தது. ஆனால் பட்டியலை உற்று நோக்குங்கள். நிலமின்மை அதில் இல்லை. கூலி இல்லை. பண்ணையாரும் வட்டிக்காரரும் அதில் இல்லை. கடன் ஏழையின் பழக்கமாகப் பார்க்கப்படுகிறது. கடன்பட வைக்கும் நில உறவு பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஏழை திருந்தினால் ஏழ்மை நீங்கும் என்ற அக்காலத்துச் சீர்திருத்த எண்ணத்தை அவரும் முழுமையாகத் தாண்டவில்லை.

அவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே செங்கல்பட்டு மாவட்டத்தில் வேறொரு பார்வை வெளிப்பட்டிருந்தது. 1891இல் ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி விரிவான அறிக்கையை அரசுக்கு அளித்தார். அந்த அறிக்கை அவர்களின் துன்பத்துக்கு வேராக நிலமின்மையையும் மிராசு முறையையும் காட்டியது. 1892இல் பிறந்த அரசாணையின் வழியே ஒதுக்கப்பட்டவையே இன்று நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பவை. அக்காலத்தில் இம்மாவட்டத்தில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனெரிகள் தரிசு நிலத்துக்கான மனுக்களில் சேரி மக்களுடன் நின்று மிராசுதாரர்களின் பகையைத் தேடிக்கொண்டனர். நிலமும் நற்செய்தியின் பொருளே என்ற உணர்வு இம்மண்ணில் அப்போதே துளிர்த்திருந்தது.

அரசியல் பிரதிநிதித்துவத்திலும் அசரியாவின் பாதை வேறு. 1932இன் வகுப்புவாரித் தீர்ப்பு இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி அளித்தது. அவர் அதனை எதிர்த்தார். திருச்சபை தன்னலம் தேடும் அரசியல் வகுப்பாகச் சுருங்கிவிடும், சாட்சியமளிக்கும் தகுதியை இழந்துவிடும் என்று அஞ்சினார். உயர்ந்த நோக்கந்தான். ஆனால் அதே காலத்தில், உத்திரமேரூருக்கு அருகேயுள்ள மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளம் தந்த இரட்டைமலை சீனிவாசன், அண்ணல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாடுகளில் அமர்ந்து, தாழ்த்தப்பட்டோர் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்டார். படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் உள்ள ஒரு சமூகம் தனித்தொகுதியைத் துறப்பது தியாகமாகலாம். ஒருபோதும் சபையில் இடமில்லாதிருந்தவர்கள் துறக்க, அவர்கள் கையில் என்ன இருந்தது? கிறிஸ்தவர்கள் என்ற ஒற்றைப் பெயரின் கீழ் தலித் கிறிஸ்தவர்களின் தனித்துன்பம் மறைந்துபோவதை அசரியா போதிய அளவு காணவில்லை.

அந்த மறைவின் விலையை நாம் இன்றும் செலுத்துகிறோம். 1936இன் அட்டவணைச் சாதிகள் ஆணை இந்தியக் கிறிஸ்தவர்களை விலக்கியது. 1950 ஆகஸ்ட் 10 அன்று பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் அந்தத் தகுதியை வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. அந்தக் கேள்வியை ஆராய 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. சாதி கேட்டு அடிப்பவன் மதம் கேட்பதில்லை. சான்றிதழ் தரும் அலுவலகம் மட்டும் கேட்கிறது.

நாபோத்தின் திராட்சைத் தோட்டம்

கொடுக்கும் கடவுளை அசரியா வேதத்தில் கண்டார். அதே வேதத்தில் எடுத்துக்கொள்வோரை எதிர்த்து நிற்கும் கடவுளும் இருக்கிறார். லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் நிலம் கடவுளுக்கே உரியது. எவரும் அதனை நிரந்தரமாக விற்க முடியாது. ஐம்பதாம் ஆண்டில் இழந்த குடும்பத்துக்கு அது திரும்ப வேண்டும். இராஜாக்களின் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்தில் ஆகாப் மன்னன் ஒரு குடியானவனின் மூதாதையர் நிலத்தை விரும்புகிறான். நாபோத் மறுக்கிறான். அரசனின் முத்திரையுடன் கடிதங்கள் எழுதப்படுகின்றன. பொய்ச்சாட்சிகள் ஊர்ப் பெரியோர் முன் நிற்கின்றனர். நாபோத் கொல்லப்படுகிறான், நிலம் கைமாறுகிறது. எல்லாம் முறைப்படியே நடக்கிறது. அப்போது எலியா அந்தத் தோட்டத்துக்குள் நுழைகிறான்.

பஞ்சமி நிலத்தின் கதையை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை எதுவுமில்லை. முத்திரையும் கடிதமும் சாட்சியும் சேர்ந்தே நம் நிலங்களையும் கொண்டுபோயின. 1994 அக்டோபர் 10 அன்று, பஞ்சமி நில மீட்புக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். ஒருவர் பெயரில் வேதாகமமும் மற்றொருவர் பெயரில் திருமலையும் இருந்தன. இருவரும் ஒரே நிலத்துக்காக ஒரே நாளில் வீழ்ந்தனர். அசரியா வேண்டிய ஒற்றுமை அங்கே பலிபீடத்துக்கு வெளியே, தெருவில் நிறைவேறியது.

இதனால் அசரியாவின் வாழ்வு பயனற்றது என்றாகிவிடாது. கையேந்தப் பழக்கப்பட்ட மக்கள் நிலம் கேட்பதற்கு முன் தாம் கேட்கத் தகுந்தவர் என்று நம்ப வேண்டியிருந்தது. கொடுக்கத் தெரிந்த கையே உரிமையையும் கேட்கும். பிடியரிசி எடுத்து வைத்த பெண்ணின் பேத்தி இன்று கல்லூரியில் சட்டம் பயில்கிறாள். பாட்டிக்கு அசரியாவின் தலைமுறை கற்பித்த தன்மதிப்பு பேத்தியின் வாதத்துக்கு அடித்தளம். ஆனால் அடித்தளத்தின் மீது யாரும் குடியிருப்பதில்லை. வீடு எழ வேண்டும்.

உத்திரமேரூர் வட்டாரத்தின் மாணவ நண்பர்களுக்கு ஒரு பணி இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் லேவியராகமம் 25 வாசிக்கப்பட வேண்டும் என்று உங்கள் ஆயரிடம் கேளுங்கள். திங்களன்று கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று உங்கள் ஊரின் அ-பதிவேட்டைக் கேளுங்கள். யு.டி.ஆர். நில அளவைக்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் அருகருகே வைத்து, பஞ்சமி என்று குறிக்கப்பட்ட புல எண்கள் எங்கே போயின என்று பாருங்கள். கால் வேலி இல்லாதவருக்குச் சபையில் இடமில்லை என்று ஒரு கல்வெட்டு சொன்னது. திருமுழுக்குப் பெற்ற எவருக்கும் இடமுண்டு என்று அசரியா சொன்னார். அந்தக் கால் வேலி யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்கும் பொறுப்பு நம் தலைமுறையுடையது.